பழைய லாரி எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டை மாற்றுதல்

தென்காசி ஜில்லாவில் விளையும் பொருள்களில் கணிசமான பகுதி மேற்கே மலை தாண்டியே விலையாகிறது. புளியங்குடி எலுமிச்சையும், பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளில் சேரும் காய்கறிகளும் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் செல்லும் சாலையில் லாரிகளில் ஏறிச் செல்கின்றன. இதற்கென விவசாயிகள் சிலர் தனித்தோ, கூட்டாகவோ பழைய லாரிகளை வாங்கி வைத்திருக்கின்றனர். புளியரைக்கு மேலுள்ள வளைவுகளில் எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கட் கருகி வண்டி நின்றுவிடுமாயின், எலுமிச்சை ஒரு நாள் பொறுக்கும். வெண்டையும் கத்தரியும் பொறா. சரக்கின் நஷ்டத்தோடு பட்டறைச் செலவும் சேர்ந்து வரும் அந்நேரத்திலேதான் ஒரு கேள்வியும் எழுகிறது. இவ்வளவும் கழற்றியாயிற்று, பழைய ஹெட்டையே சீர்செய்து பூட்டுவதா, புதியது வாங்குவதா, அன்றி இன்னும் சக்தி தரும் என்று சொல்லப்படும் பெரிய வால்வு ஹெட்டைப் போட்டுவிடுவதா?

சிலிண்டர் ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி. காற்று உட்புகும் வால்வும், புகை வெளிச்செல்லும் வால்வும், டீசலைத் தூவும் நாசிலும் இதிலேயே அமைந்துள்ளன. இவற்றைச் சூழத் தண்ணீர் ஓடும் அறைகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. புகை வால்வுக்கும் காற்று வால்வுக்கும் இடையிலுள்ள குறுகலான பாலம் போன்ற இடமே எஞ்சினில் மிகுந்த உஷ்ணத்தைத் தாங்குவது. வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தோன்றும்.

வெடிப்பு நோயன்று, நோயின் குறி. ஆதலின் ஹெட்டின் விலையைக் கேட்கும் முன்னர் அது ஏன் கெட்டதென்பதை அறிய வேண்டும். வடபுலத்து ஆழ்குழாய்க் கிணறுகளின் உப்பு நீரை ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றிவந்தால், ஹெட்டின் தண்ணீர் அறைகளில் காரை படிகிறது. வார்ப்பிரும்பு உஷ்ணத்தைக் கடத்தும் வேகத்தில் இருபதில் ஒரு பங்குகூட இக்காரைக்கு இல்லை. சிற்றாற்று நீரும் மழைநீரும் இவ்விஷயத்தில் கிணற்று நீரினும் மேலானவை. காய்ச்சி வடித்த நீருடன் கூலண்ட் கலந்து ஊற்றுவது எல்லாவற்றினும் நன்று. மின்விசிறிப் பட்டை தளர்ந்திருத்தல், ரேடியேட்டரின் குழல்கள் அடைபட்டிருத்தல், அதன் முகத்தில் வைக்கோல் தூசி அப்பியிருத்தல் ஆகியனவும் காரணங்களாம். சூடு குறையும் என்றெண்ணித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. சில எஞ்சின்களில் இதனால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே சுற்றி வருகிறது. சூடு குறையாமல் ஏறுகிறது. ஏற்றத்தில் இழுக்கவில்லையென்று டீசல் பம்பின் முத்திரையை உடைத்து எண்ணெயை மிகுதியாக விடுவது இன்னொரு கேடு. கரும்புகை கக்கிக்கொண்டு ஏறும் லாரி, தன் ஹெட்டைத் தானே வேகவைத்துக்கொள்கிறது. கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

குற்றாலச் சாரல் வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் இக்குறைகள் மறைந்து கிடக்கும். கணவாய் வழியே வரும் ஈரக்காற்று ரேடியேட்டரின் குறையை ஈடுசெய்துவிடுகிறது. பிசான அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரையில் எலுமிச்சைக்கு விலை ஏறி வண்டிக்கு ஓய்வில்லாத காலத்தில் அவை வெளிப்படும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்களால் சாலை நெருக்கமாகி, லாரி முதல் கியரிலேயே ஊர்ந்து செல்ல நேரும்போதும் அவ்வாறே.

கழற்றிய ஹெட்டைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுதல் கூடாது. முதலில் காரை நீங்கும்படி நன்கு கழுவ வேண்டும். பின் நேரான இரும்புச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அதன் கீழ் பீலர் கேஜ் நுழைகிறதா எனப் பார்க்க வேண்டும். ஆறு சிலிண்டருக்கும் ஒரே ஹெட்டாக நீண்டிருப்பவற்றில் 0.1 மில்லிமீட்டர் வளைவும் அசட்டை செய்யத்தக்கதன்று. முடிவான அளவை அவ்வெஞ்சினின் கைநூலிலேயே காணவேண்டும். அடுத்தது அழுத்தப் பரீட்சை. தண்ணீர்த் துவாரங்களை அடைத்து, வெந்நீரில் அமிழ்த்திக் காற்றை அழுத்தினால், வெடிப்புள்ள இடத்தில் குமிழி கிளம்பும். இதற்காகும் செலவு புது ஹெட்டின் விலையில் மிகச் சிறு பங்கே. இதனைச் செய்யாமல் புது ஹெட் வாங்கச் சொல்லும் பட்டறையையும், இதனைச் செய்யாமல் பழையதையே பூட்டித்தரும் பட்டறையையும் ஒரே தட்டில் வைக்கலாம்.

வளைவு மட்டுமே இருப்பின் முகத்தைச் சீவினால் போதும். ஆயினும் இங்கே பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. பெட்ரோல் எஞ்சின்களில் எரியும் அறை ஹெட்டிலேயே குடைந்திருப்பதால், சீவச் சீவ அழுத்தம் கூடும். இன்றைய லாரி டீசல் எஞ்சின்களில் எரியும் குழி பிஸ்டனின் தலையில் உள்ளது. ஹெட்டின் முகம் தட்டையானது. ஆகையால் சீவுவதால் அழுத்தம் அவ்வளவாக மாறுவதில்லை; வால்வுகள் பிஸ்டனை நெருங்குகின்றன, நாசிலின் மூக்கு கூடுதலாக நீட்டிக்கொள்கிறது. சீவிய பின் வால்வு சீட்டுகளை மறுபடி கடைந்து வால்வை உரிய ஆழத்திற்கு இறக்காவிடில், பிஸ்டன் வால்வில் மோதும். எவ்வளவு சீவினார்கள் என்பதை மில்லிமீட்டரில் எழுதி வாங்கிக்கொள்வது உரிமையாளரின் கடமை.

வால்வுகளுக்கிடையே வெடித்து, வெடிப்பு தண்ணீர் அறைவரை சென்றிருந்தால் அந்த ஹெட்டுக்குச் செலவு செய்தல் வீண். வார்ப்பிரும்பை ஒட்டவைக்கும் வித்தை உண்டெனினும், மலையேறும் வண்டிக்கு அது நம்பத்தக்கதன்று.

இனி மேம்பாடு என்று சொல்லப்படுவனவற்றைப் பார்ப்போம். பயனுள்ள மேம்பாடு கண்ணுக்குத் தெரியாதது. தேய்ந்த புகை வால்வு சீட்டைக் கடைந்தெடுத்து, அவ்விடத்தில் உஷ்ணம் தாங்கும் கடின உலோக வளையம் பதித்தல், முகத்தில் கடின உலோகம் பூசிய வால்வுகளையும் புதிய கைடுகளையும் பொருத்துதல் ஆகிய இவ்வேலைகளால் பழைய ஹெட் புதியதற்கு நிகராகவே உழைக்கக்கூடும். புதிய வார்ப்பே வாங்க நேர்ந்தால், அதே எஞ்சினுக்கு உற்பத்தியாளர் பிற்காலத்தில் திருத்திய வார்ப்பைக் கேட்டுப் பெறலாம்.

பெரிய வால்வு, அகன்ற துவாரம் ஆகியவற்றின் கதை வேறு. அகன்ற துவாரம் பயன்படுவது எஞ்சின் வேகமாய்ச் சுழலும்போது. கணவாயில் பாரத்துடன் மெதுவாய் இழுக்கும் லாரிக்குப் பழைய துவாரத்தின் வழியே வேண்டிய காற்று கிடைத்துவிடுகிறது. கூடுதல் சக்தி வேண்டுமெனில் கூடுதல் டீசல் எரிக்க வேண்டும். கூடுதல் டீசல் கூடுதல் உஷ்ணம். அந்த உஷ்ணத்தை வெளியேற்ற வேண்டியது அதே பழைய ரேடியேட்டர். டர்போ எஞ்சினின் ஹெட்டை மட்டும் கொண்டுவந்து பூட்டுவோர், அதற்குரிய பிஸ்டன், கேஸ்கட், எண்ணெய்க் குளிர்ச்சி ஆகியவை இல்லாமல் அரைக் கல்யாணம் செய்தவர் ஆகின்றனர்.

ஹெட்டும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஏற்றவாறு அமைந்தவை என்பதற்கு நம் நாட்டு லாரிகளின் சரித்திரமே சான்று. டாடா கம்பெனியார் 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியாருடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கினர். 1969-இல் அவ்வுடன்பாடு முடிவுற்றது. தொடக்கத்தில் வந்த 312 வகை எஞ்சினில் டீசல், ஹெட்டிலுள்ள சிறு முன்னறையில் முதலில் எரியும். பிற்காலத்து 697 எஞ்சின், 97 மில்லிமீட்டர் விட்டமும் 128 மில்லிமீட்டர் ஓட்டமும் உடையது. அதில் டீசல் நேரே பிஸ்டன் குழியில் தூவப்படுகிறது. ஒன்றின் ஹெட்டை மற்றொன்றில் பூட்ட நினைத்தால் பிஸ்டன், நாசில், பம்பின் அளவு யாவும் மாற வேண்டும். அப்போது அது ஹெட் மாற்றமாகாது; எஞ்சின் மாற்றமே.

ஹெட்டை மாற்றிச் சக்தி பெற்ற காலமும் இருந்ததுண்டு. 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பட்டு, சென்னை மாகாணத்தில் பஸ்களும் லாரிகளும் கரிவாயுவில் ஓடின. கரிவாயு தரும் சக்தி குறைவு; ஆனால் அது அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆதலின் அழுத்தம் கூட்டும் ஹெட்டைப் போட்டு, இழந்ததில் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. அது எரிபொருள் மாறியதால் பிறந்த நியாயம். டீசல் லாரிக்கு அந்நியாயம் பொருந்தாது.

ஹெட்டில் பணம் போடும் முன் கீழ்ப்பகுதியையும் பார்க்க வேண்டும். லைனரும் ரிங்கும் தேய்ந்து, எண்ணெய் ஊற்றும் வாயில் புகை வீசும் எஞ்சினுக்குப் புது ஹெட் போட்டால், மேலே அடைபட்ட அழுத்தம் கீழே கசியும். லைனரின் விளிம்பு உரிய உயரத்திற்குக் கீழே தாழ்ந்திருந்தால் புதுக் கேஸ்கட்டும் சில நாளில் கருகும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால், இன்னும் எத்தனை ஆண்டு அந்த லாரியை வைத்திருப்பதென்று முன்னரே தீர்மானித்து, மொத்தச் செலவை அத்தனை ஆண்டுகளின் நிகர வருமானத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பருவத்தில் விற்கப்போகும் வண்டிக்குச் சீவிய ஹெட்டே போதும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதே வகை ஹெட்டைப் பூட்டுவதில் இடையூறில்லை. வேறு வகை எஞ்சினாக்குவதாயின் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும்.

பூட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாய், டார்க் ரெஞ்சு கொண்டு குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். இழுபட்டு நீண்ட போல்ட்டுகளை மறுபடி உபயோகித்தல் தகாது. முதல் பாரத்தை மலைக்கு ஏற்றாமல் தென்காசி, கடையநல்லூர் போன்ற சமவெளிச் சாலையில் ஓட்டி, கைநூல் கூறுமாயின் மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்த பின்னரே கோட்டைவாசலுக்கு அனுப்பலாம். வெடித்த பழைய ஹெட்டை எடைக்குப் போடும் முன் அதன் ஒரு மூலையைச் சம்மட்டியால் உடைத்துவிட வேண்டும். இல்லையேல் அது வெடிப்பு தெரியாமல் பூசப்பட்டு, பழைய சாமான் கடை வழியாக இன்னொரு விவசாயியின் லாரிக்கு வந்து சேரும்.