ஆங்கில எழுத்துவழக்கில் இசைவும் தடையும்: எதிர்மறையின் எல்லை

ஆங்கிலத்தில் இசைவையும் தடையையும் உணர்த்தும் துணைவினைகள் சிலவே. ஆயினும் விதிகளையும் அறிவிப்புகளையும் பெயர்ப்போர் மிகுதியும் வழுவுவது இவற்றில்தான். வழு பெரும்பாலும் துணைவினையின் பொருளில் இல்லை. 'நாட்' என்னும் எதிர்மறைச் சொல் எதனை மறுக்கிறது என்பதில் உள்ளது.

'மஸ்ட் நாட்', 'நீட் நாட்' ஆகியவற்றை ஒப்பிடுக. இரண்டிலும் 'நாட்' நிற்கும் இடம் ஒன்றே. முன்னதில் அது முதன்மை வினையை மறுக்கிறது. செய்யாதிருத்தல் கட்டாயம் என்பது பொருள். பின்னதில் கட்டாயத்தையே மறுக்கிறது. செய்தல் கட்டாயமன்று என்பது பொருள். முன்னது தடை, பின்னது விலக்களிப்பு. தமிழில் 'வேண்டாம்' என்பது இவ்விரண்டுக்கும் வழங்குகிறது. 'நாளை வரவேண்டாம்' என்பது வந்தாலும் குற்றமில்லை எனவும், வரக்கூடாது எனவும் சூழலுக்கேற்பப் பொருள்படும். மருந்துக் குறிப்பில் 'நீட் நாட்' வரும் இடத்தில் 'உணவுடன் உட்கொள்ள வேண்டாம்' என்று பெயர்த்தால், நோயாளி அதனைத் தடையாகக் கொண்டு வெறும் வயிற்றில் மருந்தை உண்ணக்கூடும். 'வேண்டியதில்லை', 'கூடாது' என்று பிரித்தாளுவதே தக்கது. தடைப்பொருளில் 'வேண்டாம்' கனிவாக ஒலிக்கிறது என்பது உண்மையே. அக்கனிவுக்கு மருந்துறையில் இடமில்லை.

'மே நாட்' இன்னும் சிக்கலானது. 'தி மெம்பர் மே நாட் வோட்' என்னும் தொடர், உறுப்பினருக்கு வாக்களிக்க இசைவில்லை எனவும், அவர் ஒருவேளை வாக்களிக்காமல் இருக்கலாம் எனவும் இருபொருள் தரும். முன்னதில் மறுக்கப்படுவது இசைவு. பின்னதில் மறுக்கப்படுவது வினை. வாக்களியாதிருக்க இசைவுண்டு என்னும் மூன்றாம் பொருளும் அருகி வருவதுண்டு. பேச்சில் 'நாட்' என்பதை அழுத்தி ஒலித்து அதனை உணர்த்துவர். எழுத்தில் அவ்வழுத்தம் புலப்படாது. எனவே விதி வரைவோர் தடைக்கு 'மஸ்ட் நாட்' என்பதை ஆளுதல் நன்று. அல்லது 'நோ மெம்பர் மே' என எதிர்மறையை எழுவாயில் வைக்கலாம். 'ஆல் மெம்பர்ஸ் மே நாட்' என்பதை அறவே தவிர்க்க வேண்டும்; எவருக்கும் இசைவில்லையா, அனைவருக்கும் இல்லையா என்பது அதில் தெளிவாகாது.

எழுவாய் எதிர்மறைக்கு இந்திய அரசமைப்பின் 24ஆம் உறுப்பு தக்க சான்று. 14 வயதுக்குட்பட்ட சிறாரைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் அமர்த்துவதைத் தடுக்கும் அவ்வுறுப்பு, 'நோ சைல்டு' என்று தொடங்கி 'ஷால்' கொண்டு இயல்கிறது. தமிழில் எழுவாயை இவ்வாறு மறுக்கும் அடைச்சொல் இல்லை. 'எந்தக் குழந்தையும்' எனத் தொடங்கி வினையில்தான் மறுக்க இயலும். 'ஷால்' கட்டாயம், எதிர்காலம் எனப் பல பொருளில் மயங்குவதால், அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் நடை திருத்தப்பட்டபோது அச்சொல் நீக்கப்பட்டது.

'கேன்' இசைவுப் பொருளில் இன்று பரவலாக வழங்கினும், விதிகளில் 'மே' என்பதே ஏற்புடையது. 'ப்ரொஹிபிட்' என்னும் வினை 'ஃப்ரம்' என்பதையும் 'இங்' ஈற்று வடிவத்தையும் வேண்டும். 'ஃபர்பிட்' பெரும்பாலும் 'டு' கொள்ளும். இவ்விரண்டையும் மயக்கி எழுதுவது நம்மிடையே மிகுதி.

தமிழில் 'செய்யலாம்' என்பதன் நேர் எதிர்மறை 'செய்யலாகாது' என்பதே. 'செய்யல்' என்பதோடு 'ஆம்', 'ஆகாது' சேர்ந்தமைந்தவை இவை. இன்றைய உரைநடையில் அவ்விடத்தைக் 'கூடாது' பெரிதும் கைக்கொண்டுவிட்டது. 'மே', 'மே நாட்' என இணையாக வரும் விதிகளைப் பெயர்க்குங்கால் 'செய்யலாம்', 'செய்யலாகாது' என்னும் இணையை மீட்டெடுக்கலாம்.