மூன்று பிறவி எடுத்த மதில்

1938 டிசம்பர் 10, இரவு. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய கல்வர் சிட்டியில் வானம் செக்கச்சிவந்தது. ஏதோ ஸ்டூடியோ தீப்பிடித்துவிட்டதென்று ஊரார் பதறினார்கள். உண்மையில் அது மூட்டப்பட்ட தீ. 'கான் வித் தி விண்ட்' படத்துக்காகத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அட்லாண்டா நகரத்தை எரித்துக்கொண்டிருந்தார்.

எரிந்தவற்றில் ஒரு பெருமதிலும் இருந்தது. 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' (1927) படத்துக்காக சிசில் பி. டிமில் எழுப்பிய ஜெருசலேம் செட்டின் பகுதி அது. 1933இல் 'கிங் காங்' படத்தில் காங் வாழும் தீவின் மதிலானது. செல்ஸ்னிக்குப் புது செட்டுகள் போட இடம் வேண்டும்; படத்துக்கோ நெருப்பு வேண்டும். பழைய செட்டுகளுக்கு அட்லாண்டா முகப்புகளைப் பொருத்திக் கொளுத்தியதில் இரண்டும் நிறைவேறின.

இந்தத் தீ மூட்டப்பட்ட ஸ்டூடியோ, மௌனப்படத் தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸ் 1918இல் தொடங்கியது. வாசலில் வெண்தூண் மாளிகை ஒன்றை நிறுத்தினார். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டைப் பார்த்துக் கட்டியது. பார்வைக்கு வீடு, உள்ளே அலுவலகம். 1924இல் இன்ஸ் இறந்தபின் டிமில், ஆர்.கே.ஓ., செல்ஸ்னிக், டெசிலு என்று கைகள் மாறின. செல்ஸ்னிக் அந்த மாளிகையையே தம் நிறுவனச் சின்னமாக்கினார். அதை 'கான் வித் தி விண்ட்' கதையில் வரும் 'தாரா' வீடென்று நினைப்பவர்கள் உண்டு. தாரா, ஸ்டூடியோவின் திறந்தவெளிப் படப்பிடிப்புத் தளத்தில் நின்ற வெறும் முகப்பு.

அந்தத் திறந்தவெளிக்கு 'நாற்பது ஏக்கர்' என்று பெயர். உண்மைப் பரப்பு முப்பதுக்கும் குறைவு. அட்லாண்டாவுக்காகப் போட்ட தெருக்களிலேயே பின்னாளில் 'ஆண்டி கிரிஃபித் ஷோ'வின் மேபெரி ஊர் எழுந்தது. 'ஸ்டார் டிரெக்' குழுவினரும் அங்கே நடந்தார்கள். 1976இல் அங்கிருந்தவை எல்லாம் இடிக்கப்பட்டன. வாசல் மாளிகையோ இன்றும் நிற்கிறது. இப்போது அந்த வளாகத்தில் அமேசானின் திரைப்பிரிவு இயங்குகிறது.

கோயிலையும் கோட்டையையும் காப்பதுபோல் ஸ்டூடியோவைக் காக்க முடியாது. அதன் கட்டடங்கள் வேறொன்றாக மாறுவதற்கென்றே எழுந்தவை. மாற வேலை இருந்தவரை அந்த மதில் நின்றது. வேலை ஓயாததால் மாளிகை நிற்கிறது. பழைய ஸ்டூடியோக்கள் பிழைக்க வேண்டுமென்றால், பூட்டிப் பாதுகாப்பதைவிட, அங்கே தொடர்ந்து படமெடுக்க வழிசெய்வதே முக்கியம்.