மலையேறும் பழைய வண்டிக்கு எது பலம்?



கொல்லிமலை தேவனூர் நாட்டுக்குச் செவிலியரையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிச் செல்லும் நம் பழைய டீசல் பிக்கப் வண்டிக்காக நீங்கள் ஏறெடுத்துவரும் ஜெபங்களுக்கு நன்றி. அந்த வண்டி மேட்டில் திணறுகிறது, கரும்புகை விடுகிறது, டீசலையும் அதிகமாகக் குடிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தோம். அதைப் படித்த சகோதரர் ஒருவர், "எஞ்சினில் ஒரு டர்போ பொருத்திவிடுங்கள். இழுவையும் கூடும், டீசலும் மிச்சமாகும். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று அன்போடு எழுதினார்.

அவருக்கு நாங்கள் எழுதிய பதிலை உங்கள் எல்லாருக்கும் விளக்கமாகச் சொல்வது நல்லதென்று நினைக்கிறோம். உங்கள் காணிக்கை எதற்குச் செலவாகிறது, ஏன் செலவாகிறது என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டல்லவா?

டோலியும் மட்டக் குதிரையும்

1913ஆம் ஆண்டில் ஜெசி பிராண்ட் ஐயரும் அவருடைய துணைவியார் எவலின் அம்மையாரும் இந்த மலைக்கு ஊழியம் செய்ய வந்தபோது சாலை கிடையாது. ஆட்கள் சுமக்கும் டோலி, மட்டக் குதிரை, இல்லையென்றால் கால்நடை. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914இல் இந்த மலையில் பிறந்த அவர்களுடைய மகன்தான். 1929இல் ஐயர் காய்ச்சல் கண்டு மரித்தார். அம்மையாரோ முதுமையிலும் குதிரையில் மலைக் கிராமங்களைச் சுற்றிவந்து, 1974இல் தம் 95ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் மலையின் உயரம் குறையவில்லை. அன்று சுமப்பவர் தோள் கொடுத்த விலையை இன்று டீசல் கொடுக்கிறது.

மலை கேட்கும் கணக்கு

அடிவாரத்திலிருந்து மேலே போவதற்குள் வண்டி ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 2 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். பழைய டீசல் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் கால் பங்கை இழுவையாக மாற்றும். மீதி, புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வீணாகப் போகும். இந்தக் கணக்குப்படி, வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே 2 லிட்டருக்குச் சற்று அதிகமான டீசல் வேண்டும். அதே எஞ்சின் தேய்ந்து, வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் இழுவையாக மாற்றினால், செலவு 2¾ லிட்டரை எட்டிவிடும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அரை லிட்டருக்கு மேல் நஷ்டம்.

எடைக்கும் இப்படியே கணக்குண்டு. வண்டியில் வீணாகக் கிடக்கும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் மலையேற ஏறக்குறைய 100 மில்லி டீசல் போகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, கூரைமேல் இருந்த இரும்புக் கேரியரையும், சீட்டுக்கடியில் கிடந்த பழைய பட்டைகளையும் உதிரிகளையும் இறக்கி, மருத்துவமனைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்தோம். ஓர் ஆள் எடைக்கு மேல் இருந்தது! அந்த இடத்தில் ஒரு நோயாளியை ஏற்றிவரலாமே என்று எங்களுக்கே வெட்கமாயிற்று.

கரும்புகை என்ன சொல்கிறது?

கரும்புகை என்பது சரியாக எரியாத டீசல். நீங்கள் கொடுத்த காணிக்கை கண்ணெதிரே காற்றில் போகிறது என்றுதான் அர்த்தம். இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, தேய்ந்த இன்ஜெக்டர். டீசலைப் பனிபோலத் தூவ வேண்டிய நாசில் அதைச் சொட்டுச் சொட்டாக ஒழுகவிடும். மற்றொன்று, காற்றுக் குறைவு. ஏர் பில்டர் அடைத்திருந்தால் எஞ்சின் மூச்சுவிட முடியாது. அதோடு, மலையுச்சியில் காற்றின் அடர்த்தியே சமவெளியைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு.

"பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் நன்றாக இழுக்கும்" என்று சொல்கிற மெக்கானிக்குகள் உண்டு. சற்றே இழுக்கும், உண்மைதான். ஆனால் கூட்டிய டீசலை எரிக்கக் காற்று இல்லாததால் புகையும் சூடும்தான் அதிகமாகும். ஆகவே பம்பையும் இன்ஜெக்டர்களையும் கழற்றி, அதற்குரிய கடையில் சோதித்து, கம்பெனி சொன்ன அளவுக்கே வைப்பதுதான் சரி. டேப்பெட் இடைவெளி, கிளட்ச் வழுக்கல், டயரின் காற்று ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால் பிரேக் உரசுகிறதா என்பது தெரிந்துவிடும். இவையெல்லாம் புதுமையான வேலைகள் அல்ல. இழந்த பலத்தைத் திரும்பப் பெறும் வேலைகள்.

டர்போ ஏன் வேண்டாம் என்றோம்?

டர்போ நல்ல கருவிதான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் மலையில் அது மிகவும் பயன்படும். ஆனால் தொழிற்சாலையில் டர்போவோடு செய்த எஞ்சினுக்கு பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், குளிர்விக்கும் முறை எல்லாமே அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். நம் பழைய எஞ்சின் அப்படிப்பட்டதல்ல. நீண்ட ஏற்றத்தில் அது சூடேறி நடுவழியில் நின்றுபோனால், உள்ளே இருக்கும் நோயாளியின் கதி என்ன?

சட்டமும் உண்டு. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு, பெட்ரோல் ஜீப்புகளைக் கழற்றி டீசல் எஞ்சின் பொருத்தியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். இன்று நம் இஷ்டத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எஞ்சினையே மாற்றுவதானாலும் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

ஏறியது இறங்கவும் வேண்டும்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. ஏறும்போது டீசல் கொடுத்த சக்தி மறைந்துபோவதில்லை. இறங்கும்போது 70 வளைவுகளிலும் அது பிரேக்கில் சூடாக வெளிவருகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் மிதி தளர்ந்து உள்ளே போய்விடும், வண்டி நிற்காது.

"இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்" என்று எண்ணுகிறவர்கள் பலர். அது தவறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் தானாகவே டீசலை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் அணையாமல் ஓட டீசல் கேட்கும். கியரில் இறங்கினால் எஞ்சினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் அவ்வளவாகச் சூடாகாது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதோ இன்னும் ஆபத்து. பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவம் போய்விடும்.

ஆகவே அந்தச் சகோதரருக்கு, "ஐயா, உங்கள் காணிக்கையை முதலில் பிரேக்குக்கும், பிறகு இன்ஜெக்டருக்கும் பம்புக்கும், டயருக்கும் பயன்படுத்த அனுமதியுங்கள்" என்று எழுதினோம். மனதார ஒப்புக்கொண்டார். கர்த்தர் அவரையும் அவர் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தார். காயப்பட்டவனைத் தன் வாகனத்தின்மேல் ஏற்றிய சமாரியனைப் பற்றியும் அவரே சொன்னார். அந்த வாகனம் வேகமானதா என்று வேதம் சொல்லவில்லை. சத்திரம் வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஜெபக் குறிப்புகள்: மலைப்பாதையில் வண்டி ஓட்டும் சகோதரரின் பாதுகாப்புக்காகவும், மழைக்காலப் பயணங்களுக்காகவும், தேவனூர் நாட்டுக் கர்ப்பிணித் தாய்மார் வேளையோடு மருத்துவமனை வந்து சேரவும் தொடர்ந்து ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்