பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

வீடியோ சேனல் நடத்த சமையல், சினிமா, ராசிபலன் என்று ஆயிரம் சங்கதி இருக்கு. நான் பிடித்துக்கொண்டது பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். "இதையெல்லாம் யாருப்பா பார்ப்பாங்க?" என்றார் அப்பா. பார்க்கிறார்கள் சார்! என் கவலையே அதுதான்.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர் லியோ ஃபெண்டர். பிற்பாடு அவர் கொண்டுவந்த 'பேஸ்மேன்' ஆம்ப்ளிஃபயரை முன்மாதிரியாக வைத்து, லண்டன் ஹான்வெல்லில் கடை நடத்திய ஜிம் மார்ஷலின் ஆட்கள் உருவாக்கியதுதான் ஜே.டி.எம்.45. ராக் மேடைகளை அதிரவைத்த மார்ஷல் வம்சத்தின் மூத்த பிள்ளை. ஆக, எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரு ரிப்பேர் கடை. நம்ம ஆளு!

உள்ளே இருப்பது தாத்தா காலத்து ரேடியோவில் செக்கச்செவேல் என்று மினுக்குமே, அந்த வால்வு. மெதுவாக மீட்டினால் குழையும். அழுத்தி மீட்டினால் உறுமும். இந்தக் குணத்துக்காகத்தான் இன்றைக்கும் தேடி அலைகிறார்கள்.

ஆனால் அதற்குள்ளேயே எமனும் இருக்கிறான். பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 300, 400 வோல்ட் கம்மென்று உட்கார்ந்திருக்கும். என் வீடியோவைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு பையன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தால்? அதனால் ஒவ்வொரு தடவையும் ரெசிஸ்டர் வைத்து கரண்டை வடிப்பதையும், மல்டிமீட்டரில் பூஜ்யம் வருவதையும் முழுசாகக் காட்டுவேன். "போரடிக்குது, கட் பண்ணுங்க" என்பார்கள். மாட்டேன்!

அடுத்தது சீரிஸ் போர்டு. குண்டு பல்பு வழியாகத்தான் முதல் கரண்ட். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பளிச்சென்று வந்து மங்கினால் பிழைத்தோம். அமெரிக்க சரக்கு என்றால் கூடவே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வேணும். 120 வோல்ட்டுக்குச் செய்ததை நம்ம 230-ல் செருகினால் ஹால் முழுக்க சாம்பிராணிப் புகைதான்!

வாசித்துக் காட்டுவதில் ஒரு தர்மம் உண்டு. செல்போன் மைக் சின்னச் சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். குழைவும் உறுமலும் ஒன்றாகிவிடும். அதனால் ஸ்பீக்கர் முன்னால் தனி மைக், ஒரே அளவில். ரிப்பேருக்கு முன்னும் பின்னும் அதே ட்யூன். வித்தியாசம் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுவேன்.

போன மாசம் ஒரு தம்பி போனில் கேட்டான்: "அண்ணே, நானே திறந்து பார்க்கட்டுமா?"

"மல்டிமீட்டர் இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப மூடி வை. தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட எடுத்துட்டுப் போ."

கோபித்துக்கொண்டு சேனலை விட்டே போய்விட்டான். போகட்டும் சார். ஆள் முழுசா இருந்தால் என்றைக்காவது திரும்பி வருவான்!