உஷார்! மூக்கில் ஏறுது தேக்குப் பொடி

வீட்டில் தச்சு வேலை நடக்கிறதா? பழைய தேக்குக் கதவை மெஷின் போட்டுத் தேய்க்கிறார்களா? முதலில் குழந்தைகளை அங்கிருந்து கூட்டிப் போங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

தேக்கும் ஈட்டியும் தலைமுறை தாண்டி நிற்பதற்குக் காரணம், அவற்றின் வைரத்தில் ஊறிக் கிடக்கும் இயற்கை வேதிப்பொருட்கள். கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாதவை அவை. அதே சரக்கு பொடியாகப் பறந்தால் நம் உடம்பைப் பதம் பார்த்துவிடும். தேக்கில் இருக்கும் டிஆக்ஸிலபச்சாலும், ஈட்டி வகை மரங்களில் இருக்கும் டால்பெர்ஜியோனும் ஒவ்வாமையைக் கிளப்புபவை. கண்ணிமை வீங்கும், முன்கை அரிக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளிப் பொடி பட்டாலும் திரும்ப வரும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர் ஹை விக்கம். அந்த வட்டாரத்து மரச்சாமான் தொழிலாளர்களிடம் அபூர்வமான மூக்குப் புற்றுநோய் மிக அதிகமாக இருப்பதை 1960களில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தது. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்ற தைரியம் வேண்டவே வேண்டாம்!

இழைப்புளியில் வரும் சுருள் காலடியில் விழுந்துவிடும். சாண்டிங் மெஷின் கிளப்பும் பொடியோ மாவாகக் காற்றில் மிதக்கும். கைக்குட்டை கட்டினால் அது நிற்காது.

உடனே செய்ய வேண்டியவை:

• தேய்க்கிற வேலையை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.
• என்-95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டி இருக்கட்டும். கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.
• துடைப்பத்தால் கூட்டாதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.
• வேலை முடிந்ததும் குளித்து, அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

ஒரு பக்க மூக்கு மட்டும் விடாமல் அடைக்கிறதா, ரத்தம் கசிகிறதா? தச்சு வேலை செய்பவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே போங்கள். என்ன தொழில் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பாலீஷ் போட்டு நிற்கும் கதவால் பயமில்லை. அதை நமக்காக இழைத்துத் தருகிறவர்தான் நாள் முழுக்க அந்தப் பொடியில் நிற்கிறார். மரத்துக்கு ஆயிரமாயிரமாகக் கொடுக்கிறோம். கூடவே ஒரு முகக்கவசமும் வாங்கி, "அண்ணே, இதை மாட்டிக்கிட்டு வேலை பாருங்க" என்று இன்றைக்கே கையில் கொடுங்கள்!