புடாபெஸ்ற் நகரின் பாலங்கள்: சுங்கத்தின் வழியே ஒரு நோக்கு

ஆற்றங்கரை நகரொன்றின் பழைய பாலங்களைப் பார்வையிடச் செல்வோருக்கு வழிகாட்டி நூல்கள் கூறுவன பெரும்பாலும் இரண்டு செய்திகளே. பாலத்தின் நீளம் எவ்வளவு என்பது ஒன்று. அதனை அமைத்த பொறியியலாளர் யார் என்பது மற்றொன்று. இவை வேண்டாதனவல்ல. ஆயினும், அப்பாலத்தை யார் கடந்தனர், கடப்பதற்கு யார் பணங்கொடுத்தனர், யார் கொடாது சென்றனர் என்னும் வினாக்களை எழுப்பும்போதே பாலம் சமூக வரலாற்றுச் சான்றாகின்றது. இவ்வகையில் ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்றின் பாலங்கள் நுணுகி நோக்கத்தக்கன.

டானியூப் நதியின் மேற்குக் கரையிலே, குன்றின்மீது கோட்டையும் அரண்மனையும் கொண்டு விளங்குவது புடா. கிழக்குக் கரையின் சமதரையில் வணிகத்தாலும் கைத்தொழிலாலும் வளர்ந்தது பெஸ்ற். இவ்விரண்டும் ஓபுடாவும் ஒரே நகராக இணைக்கப்பட்டது 1873ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன்னர் நெடுங்காலமாகப் புடாவையும் பெஸ்றையும் தொடுத்து நின்றது, படகுகளை வரிசையாகப் பிணைத்து மேலே பலகை பரப்பிய மிதவைப் பாலமே. குளிர்காலத்தில் நதியிற் பனிக்கட்டி மிதந்துவரத் தொடங்கியதும் அதனைக் கழற்றிவிடுவர். நதி இறுகி உறைந்தால் மக்கள் பனியின்மேல் நடந்து செல்வர். உறையாதவிடத்து ஒரு கரையார்க்கு மறுகரை எட்டாத நாடாகிவிடும். 1820 டிசெம்பரில் தந்தையின் மரணச் செய்தி கேட்டுப் புறப்பட்ட இஸ்த்வான் செச்செனி என்னும் இளம்பிரபு, ஆற்றைக் கடக்க வழியின்றி ஒரு வாரம் கரையிற் காத்திருக்க நேர்ந்தது. நிலையான பாலம் பற்றிய எண்ணம் அப்பொழுதே அவருள்ளத்தில் வேரூன்றியதென்பர்.

மனத்தைத் தொடும் செய்திதான். எனினும் தனிமனிதர் ஒருவரின் துயரம் மட்டும் பாலத்தைக் கட்டிவிடுவதில்லை. செச்செனி 1830இல் வெளியிட்ட ‘கடன்’ என்னும் நூலை இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பரந்த நிலங்களுக்கு உரியவனாயிருந்தும் பிரபு ஒருவனாற் கடன்பெற முடியாதிருப்பது ஏன் என்பதே அந்நூல் ஆராயும் பிரச்சினை. பரம்பரை நிலத்தைக் கைமாற்றவியலாதபடி தடுத்த பழைய சட்டமே அதற்குக் காரணமாயிற்று. தானியமும் கம்பளியும் சந்தையை நாடிச் செல்லத் தொடங்கிய காலம் அது. நிலமானிய அமைப்பு தன் சொந்த வர்க்கத்தாருக்கே இடையூறாக மாறிவந்த அக்காலத்தின் தேவையாகவே பாலமும் எழுந்தது.

மிதவைப் பாலத்தைக் கடப்போரிடம் சுங்கம் அறவிடப்பட்டது. ஆனால் எல்லோரிடமும் அன்று. பிரபுக்களும் இரு நகரங்களின் குடியுரிமை பெற்றோரும் விலக்குப் பெற்றிருந்தனர். சந்தைக்கு மூட்டை சுமந்து வந்த குடியானவன் கொடுத்தான். அவனது உழைப்பில் வாழ்ந்தவன் கொடாது சென்றான். மக்கட்டொகையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கினராயிருந்த பிரபு வர்க்கத்தினர், வரி செலுத்தாமையையே தம் உரிமைகளுள் தலையாயதாகக் கருதினர். எனவே, புதிய பாலத்திற் பிறப்பு வேறுபாடின்றி யாவரும் சுங்கம் செலுத்த வேண்டும் என்ற யோசனை பொறியியற் பிரச்சினையாக அன்றி அரசியற் பிரச்சினையாகவே வெடித்தது. 1836ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏற்றுக்கொண்டது. நாட்டின் தலைமை நீதிபதியாயிருந்த அந்தால் சிராக்கி, அப்பாலத்தில் ஒருபோதும் காலடி வைப்பதில்லை எனக் கண்ணீர்மல்கச் சூளுரைத்ததாகக் கூறுவர். அவர் அஞ்சியது சில செப்புக் காசுகளுக்காக அன்று. பாலத்தில் இன்று கொடுக்கும் பிரபு நாளை திறைசேரிக்கும் கொடுக்க நேரும் என்பதை அவர் தெளிவாகவே உணர்ந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதுவே நிகழ்ந்தது: 1848ஆம் ஆண்டுச் சட்டங்கள் பண்ணையடிமை முறையை ஒழித்து, வரிவிலக்கையும் நீக்கின.

இச்சமத்துவத்தின் எல்லையையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். பாலத்துக்குரிய மூலதனத்தைத் திரட்டியவர் வியன்னாவின் வங்கியாளர் ஜோர்ஜ் சினா. அவரது நிறுவனம் சுங்கம் அறவிடும் உரிமையோடு, அண்மையில் வேறெவரும் பாலங்கட்டலாகாது என்னும் ஏகபோகத்தையும் பெற்றது. பிறப்பின் சலுகை போன இடத்தில் மூலதனத்தின் சலுகை வந்தமர்ந்தது. பிரபுவும் கூலியாளும் ஒரே காசைக் கொடுப்பது சட்டத்தின் கண்ணிற் சமத்துவமாகலாம். கூலியாளின் மடியில் அது சமமான சுமையன்று.

சங்கிலிப் பாலம் எனப்படும் இப்பாலத்தை வடிவமைத்தவர் ஆங்கிலேயரான வில்லியம் ரியேர்ணி கிளார்க். தேம்ஸ் நதியின்மீது மார்லோவில் அவர் அமைத்த தொங்குபாலம் இன்றும் உள்ளது. கட்டட வேலையை உடனிருந்து நடத்தியவர் ஸ்கொத்லாந்தினரான அடம் கிளார்க்; பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினரல்லர். 1842 ஓகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இரு கற்கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 202 மீற்றர். 1848 யூலையில் இறுதிச் சங்கிலியை உயர்த்துகையில் அது அறுந்து சாரத்தின்மேல் வீழ்ந்தது. ஆற்றில் வீழ்ந்தோருள் ஒருவரான செச்செனி நீந்திக் கரைசேர்ந்தார். தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

அவ்வாண்டின் மார்ச் 15ஆம் நாள் புரட்சி வெடித்தபோது, பெஸ்றின் மக்கள் புடாவுக்குச் சென்று, எழுத்துக்காகச் சிறைவைக்கப்பட்டிருந்த மிஹாய் தான்சிச்சை மீட்டுவந்தனர். குடியானவர் குடும்பத்திற் பிறந்த எழுத்தாளர் அவர். அன்று அவர்கள் கடந்தது பழைய மிதவைப் பாலத்தையே. 1849 மே மாதத்தில் ஹங்கேரியப் படை புடாக் கோட்டையை மீட்டவேளை, அல்னொக் என்னும் ஒஸ்திரியத் தளபதி சங்கிலிப் பாலத்தைத் தகர்க்க முயன்று தானே மாண்டான். பாலம் பெருஞ்சேதமின்றித் தப்பியது. புரட்சி தப்பவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபர் 6ஆம் நாள் ஹங்கேரியின் முதற் பிரதமரும் பதின்மூன்று படைத்தலைவர்களும் கொல்லப்பட்டனர். ஆறு வாரங்களின் பின், நவெம்பர் 20இல், அக்கொலைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஹைனவின் ஆட்சியிலே பாலம் திறந்துவைக்கப்பட்டது. மனம் முறிந்து வியன்னாவை அடுத்த டெப்ளிங் மனநோய் விடுதியிற் புகுந்திருந்த செச்செனி, நிறைவெய்திய தம் பாலத்தை ஒருநாளேனும் கடவாமலே 1860இல் மறைந்தார். பாலத்தின் காவற்சிங்கங்களுக்கு நாக்கு இல்லை என்னும் கதையை வழிகாட்டிகள் இன்றும் விரும்பிக் கூறுவர். நாக்கு உண்டு, கீழிருந்து நோக்குவோர்க்குத் தெரிவதில்லை.

1870இல் அரசாங்கம் சங்கிலிப் பாலத்தை விலைக்கு வாங்கியதோடு ஏகபோகமும் முடிந்தது. அதன் பின்னரே பிற பாலங்கள் எழலாயின. மார்கரெற் தீவின் முனையில் முழங்கைபோல் வளைந்து செல்லும் மார்கரெற் பாலம் 1876இல் முடிவுற்றது. பிரெஞ்சுப் பொறியியலாளர் ஏர்னெஸ்ற் குவானின் ஆக்கம் அது. இன்று ‘விடுதலைப் பாலம்’ எனப்படும் பச்சைநிற இரும்புப் பாலம் 1896இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் பெயரோடு திறக்கப்பட்டது. எலிசபெத் பாலம் 1903இல் வந்தது. ஆயினும் நகரின் பாலங்களிற் சுங்கம் 1918வரை நீடித்தது. ஹப்ஸ்பேர்க் முடியாட்சி சரிந்த ஆண்டும் அதுவே என்பது கவனிக்கற்பாலது.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் நகரின் பாலங்கள் யாவும் அழிந்தன. 1944 நவெம்பர் 4ஆம் நாள், ஜேர்மன் படையினர் மார்கரெற் பாலத்தில் வெடிமருந்து பொருத்திக்கொண்டிருந்தபோது அது எதிர்பாராது வெடித்தது. ட்ராம் வண்டிகளிலும் கால்நடையாகவும் சென்றுகொண்டிருந்தோர் பலர் ஆற்றில் மாண்டனர். எஞ்சியவற்றை 1945 ஜனவரியிற் பின்வாங்கும் படையே திட்டமிட்டுத் தகர்த்தது. சங்கிலிப் பாலம் வீழ்ந்தது ஜனவரி 18ஆம் நாள். சரியாக ஓராண்டின் பின், 1946 ஜனவரி 18இல், பாராளுமன்றத்துக்கு அண்மையில் கொசூத் பாலம் என்னும் தற்காலிகப் பாலம் திறக்கப்பட்டது. போரினாற் சிதைந்து, பசியும் பணவீக்கமும் வாட்டிய நகரில் அதனைக் கட்டி முடித்த தொழிலாளரின் சாதனை, எந்தப் பேரரசர் திறந்த பாலத்திலும் குறைந்ததன்று என்பது எமது கருத்து. 1960இல் அது அகற்றப்பட்டது.

விடுதலைப் பாலம் 1946இலும், சங்கிலிப் பாலம் தன் நூறாவது ஆண்டு நிறைவாகிய 1949 நவெம்பர் 20இலும் மீண்டும் திறக்கப்பட்டன. பழைய வடிவில் மீளாதது எலிசபெத் பாலம் ஒன்றே. பால் ஷாவொய் வடிவமைத்த வெண்ணிற வடப் பாலம் 1964இல் அதனிடத்தைப் பெற்றது. அழகிற் சிறந்தது எதுவென எம்மை வினவின் இதனையே சுட்டுவோம். அலங்காரமேதுமின்றி, தாங்கும் வேலையை மட்டும் காட்டி நிற்பது அது. மார்கரெற் பாலமோ 1956 ஒக்ரோபர் 23ஆம் நாள், பெஸ்றின் மாணவர் அணிவகுத்து புடாக் கரையிலுள்ள பெம் சிலையை நோக்கிச் சென்ற வழியாக இருந்தது.

அண்மையிற் புதுப்பிக்கப்பட்ட சங்கிலிப் பாலம் 2022 டிசெம்பரில் போக்குவரத்துக்கு மீண்டும் திறக்கப்பட்டபோது, பேருந்து, வாடகை வண்டி, துவிச்சக்கர வண்டி ஆகியனவே அனுமதிக்கப்பட்டன. தனியார் மோட்டார் வண்டிகளையும் விடுவதா என்பது நகரில் நெடிது விவாதிக்கப்பட்டது. நகரவாசிகளின் கருத்தறிந்த பின் 2023இல் அத்தடை நிலைபெற்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் நடைபாதைகளும் திறக்கப்பட்டன. நடந்து செல்வோர் இப்பொழுது காசேதும் கொடாமலே கடக்கின்றனர்.