குடிநீர்ப் புட்டியும் நோய் தீர்க்கும் வாசகமும்

புட்டியில் அடைத்து விற்கப்படும் நீர், சட்டத்தின் பார்வையில் மருந்தன்று; உணவு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 'உணவு' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே அடைக்கப்பட்ட குடிநீர் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. நீரிழிவைத் தணிக்கும், மூட்டுவலியைப் போக்கும் என்றெல்லாம் நீருக்கு விளம்பரம் செய்வோர்மீது நடவடிக்கை எடுக்க இதுவே அடிப்படை.

'மினரல் வாட்டர்' என்று மக்கள் கேட்டு வாங்குவதில் பெரும்பகுதி கனிம நீரே அன்று. இயற்கைக் கனிம நீர் ஊற்றிலிருந்தோ ஆழ்துளையிலிருந்தோ பெறப்பட்டு, இயல்பான கனிமச் சேர்க்கை மாறாமல் அடைக்கப்படுவது. மற்றது, கிடைக்கும் நீரை வடிகட்டிக் கிருமி நீக்கி ஆயத்தம் செய்வது. 2001 மார்ச் 29 முதல் இரண்டுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. அடுத்த மாதமே இவை அபாயம் மிகுந்த உணவுகளின் வரிசையில் வைக்கப்பட்டன.

சிட்டைகளைப் பற்றிய விதிகள் கண்டிப்பானவை. நோயைத் தடுக்கும், தணிக்கும், தீர்க்கும் என்ற வாசகம் எதுவும் இந்நீருக்குக் கூடாது. உடல்நலத்துக்கு வேறு நன்மை தரும் என்றும் கூறலாகாது. நீரின் தோற்றுவாயைப் பற்றி மயக்கம் விளைவிக்கும் படத்துக்கும் தடை உண்டு. நகரத்துக் குழாய்நீருக்குப் பனிமலைப் படம் எதற்கு?

ஆனால் சிட்டையில் எழுதத் தயங்குவதைத் துண்டு வெளியீட்டிலும் கைப்பேசிப் படத்திலும் தாராளமாகச் சொல்கின்றனர். இன்று 'கார நீர்' என்ற பெயர் செல்வாக்குப் பெற்றுள்ளது. இரத்தத்தின் கார அமில நிலையை நுரையீரலும் சிறுநீரகமும் காக்கின்றன. குடித்த நீரின் காரத்தை இரைப்பை அமிலமே பெரிதும் முறித்துவிடும். இதை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்துபவருக்கு நேரும் கேடு சிறிதன்று.

இத்தகைய விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்கிறது; கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் தரத்துக்குக் குறையாத அதிகாரி இதனை விசாரிப்பார். 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இதே அளவு தண்டம் விதிக்கலாம். குற்றம் தொடர்ந்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்து நடிப்பவரையும் ஓராண்டுக்கு அத்தொழிலிலிருந்து விலக்கி வைக்கலாம்.

களத்திலுள்ள அலுவலர் நீர் மாதிரியை ஆய்வுக்கு அனுப்புவதோடு நிற்றல் போதாது. ஆய்வில் நீர் தூயதென்றே முடிவு வரக்கூடும். அப்போதும் வாசகம் குற்றமே. ஆதலால் விளம்பரத்தின் படியையும் அது வெளியான நாளையும் முதலில் பதிவு செய்து கொள்ள வேண்டும்.